போர்வெல் தண்ணீரில் திரிந்த கருப்பு

பாசிக்காரி மகள், மண்டபம்:
எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட் சமயத்தில் நடந்தது. அம்மா கடலில் பாசி எடுப்பவர். அவர் கொண்டுவந்த கட்டக்கோரைப் பாசியிலிருந்து ஆல்ஜினேட் என்ற பசையைப் பிரித்து, அதை இரும்பு ஆக்சைடு நானோ துகளுக்கு மேல்பூச்சாகப் போடுவது என் வேலை. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ஈரலைப் பார்ப்பதற்கான துகள் இது. நல்ல ஈரலில் இருக்கும் குப்ஃபர் செல்கள் துகளை விழுங்கிவிடும், படத்தில் அந்த இடம் கருத்துப் போகும். புற்றுக்கட்டியில் பெரும்பாலும் அந்தச் செல்கள் இருக்காது. அதனால் கட்டி மட்டும் வெளுப்பாகத் தெரியும்.

செய்முறையைக் கேட்டால் இவ்வளவுதானா என்பீர்கள். மோல் கணக்கில் ஃபெரிக் குளோரைடு இரண்டு பங்கு, ஃபெரஸ் குளோரைடு ஒரு பங்கு; இரண்டும் இரும்பு உப்புகள்தான். நைட்ரஜன் ஓடிக்கொண்டிருக்க, 80 டிகிரி சூட்டில் அம்மோனியா விட்டால் மை போலக் கருத்துவிடும். அதுதான் மேக்னடைட், காந்தம் இழுக்கும் இரும்பு ஆக்சைடு. ஒவ்வொரு துகளும் சுமார் 10 நானோமீட்டர். காந்தத்தைக் காட்டினால் ஓடிவரும், எடுத்துவிட்டால் காந்தத்தையே மறந்துவிடும். மறக்காமல் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருந்தால் ரத்தக் குழாயில் வம்புதான்.

முதல் தடவை சிலிண்டரில் நைட்ரஜன் பாதியில் தீர்ந்ததைக் கவனிக்கவில்லை. கருப்புக்குப் பதில் செம்பழுப்பு. போட்டோவைப் பார்த்த அம்மா, "என்னத்தா, நங்கூரத் துருவைச் சுரண்டி வச்சிருக்க?" என்றார். சரியாகத்தான் சொன்னார். காற்று பட்டு ஃபெரஸ் ஃபெரிக்காக மாறி, கணக்கே கெட்டுப்போயிருந்தது.

அப்புறம் நடந்ததுதான் பெரிய கூத்து. நல்ல கருப்பு வந்து, ஆல்ஜினேட் பூச்சும் முடிந்த ஒரு சாயங்காலம், டிஸ்டில்டு வாட்டர் காலி. ஒரே ஒரு அலசுதானே என்று போர் தண்ணீரை ஊற்றினேன். நம்ம பக்கத்துப் போர் தண்ணீர் எவ்வளவு உப்பும் கால்சியமுமாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். டீ குடித்துவிட்டு வருவதற்குள் எல்லாம் திரிந்த பால் மாதிரி கட்டிகட்டியாக அடியில் கிடந்தது. தண்ணீரிலிருந்த கால்சியம் ஆல்ஜினேட்டைப் பிடித்து இறுக்கிவிட்டது.

கைடு திட்டவில்லை. "ரத்தத்துல மட்டும் உப்பும் கால்சியமும் இல்லையாம்மா?" என்று கேட்டார், அவ்வளவுதான். துகள் செய்ய அரை நாள் போதும். அது உப்பில் கட்டாமல் நிற்கப் பூச்சை மாற்றி மாற்றிப் பார்த்ததில் ஆறு மாதம் ஓடிவிட்டது. கடைசியில் 0.9 சதவீத உப்புநீரில் ஒரு வாரம் தாங்கியது டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரை வகைப் பொருளின் பூச்சுதான். கட்டக்கோரை தோற்றதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஸ்கேன் ரூம் ஆள், ராமநாதபுரம்:
தங்கச்சி, உங்கள் டெக்ஸ்ட்ரான் துகள் மாதிரி ஒன்றுக்கு 1996-லேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2008 வாக்கில் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஸ்கேன் படம் தெளிவாகத் தெரிய நாங்கள் போடுவது கடோலினியம் என்ற உலோகம் கலந்த ஊசி. ஒரு தடவை பாம்பன் பெரியவர் ஒருவரிடம் இப்படி இரும்பு ஊசியும் உண்டு என்று வாய்விட்டுவிட்டேன். "ஈரலோட சேத்து மிசினு இழுத்துராதா தம்பி?" என்று எழுந்துவிட்டார். இவ்வளவு சின்னத் துகளை அப்படி இழுக்காது அய்யா என்று சொல்லி உட்கார வைத்தேன். அதற்கப்புறம்தான், உள்ளங்கையில் பழைய தூண்டில் முள் ஒடிந்து கிடப்பதாகச் சொன்னார். அன்றைக்கு முதலில் எக்ஸ்ரேதான் எடுத்தோம்.