மாரி வெள்ளத்துக்குப் பின் ஆற்றில் கண்டவை: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

மாங்குளத்திலிருந்து:
வட இலங்கையின் கனகராயன் ஆற்றில் தங்கூசி வலை (மெல்லிய நைலோன் இழை வலை) அகற்றும் எங்கள் தொண்டர் குழுவைப் பலரும் அறிவீர்கள் என்பதால் நேரே விடயத்துக்கு வருகிறேன். வெள்ளம் வடிந்த மார்கழிக் காலையொன்றில், கரையோரப் புல்லுக்குள் விரால் குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாக மேலெழுந்து மூச்செடுத்துக்கொண்டிருக்க, அவற்றைக் காத்துநின்ற பெரிய விரால் ஒரு முழத் தூரத்தில் அப்படியொரு வலையில் செவுள் சிக்கிக் கிடந்தது. இழையை அறுத்துவிட்டதும் அது ஓடி ஒளியவில்லை. குஞ்சுகளுக்கு அடியிலேயே போய் நின்றது. அந்தக் காயத்தோடு பிழைத்திருக்குமா என்ற எண்ணம் இன்னும் என்னை விட்டபாடில்லை. காவல் மீனைப் பிடித்தால் குஞ்சுகளைக் கொக்கும் மற்ற மீன்களும் தின்று தீர்த்துவிடும் என்பதை வலைக்காரருக்கு எப்படி விளக்குவது?

ஒட்டுசுட்டானிலிருந்து:
அண்ணா, வலையை அறுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பேராற்றில் எங்கள் ஊர் இளைஞர்கள் அப்படிச் செய்தபோது, வலைக்குரிய முதியவர் ஒரு சொல்லும் பேசாமல் அறுந்த இழைகளை மடியில் சேர்த்துக்கொண்டு நின்றார். அடுத்த மாரியில் அவரிடமே போய், புதுவெள்ளத்தில் மீன் ஏறும்போது ஆற்றை முழுதாக மறிக்காமல் பாதியை விடும்படி கேட்டோம்; சம்மதித்தார்.

பாண்டியன்குளத்திலிருந்து:
இருவரும் வலையையே பேசுகிறீர்கள். பாலியாற்றைக் கெடுத்தது மணல் அகழ்வு. ஓட்டம் நின்ற ஆவணியிலும் ஆற்றின் ஆழமான பள்ளங்களான மடுக்களை வற்றாமல் காப்பது மணலுக்குள் ஊறிநிற்கும் நீர்தான். மணல் போன இடத்தில், உழவு இயந்திரத்தின் சில்லுத் தடத்தில் தேங்கிய கையளவு சேற்றுநீரில் கெளுத்திகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் துடித்ததைக் கண்டேன். அப்படி அகப்பட்ட மீன்களை வாளியில் அள்ளிச் செல்லும் பிள்ளைகளுக்குச் சில சொல்ல வேண்டும். விராலும் குறவையும் காற்றைச் சுவாசிப்பவை ஆகையால் ஈரச் சாக்கிலும் சற்று நேரம் தாங்கும்; கெண்டை தாங்காது, அதனை வெயில் ஏறுமுன், நெரிசலின்றி, அந்த ஆற்றின் மடுத் தண்ணீரிலேயே கொண்டுபோக வேண்டும். வவுனிக்குளத்தில் கொட்டிவிடுவதை நான் ஏற்கமாட்டேன். ஏனெனில் 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா மீன் நம் குளங்களில் பெருகிக் கிடக்கிறது. ஆற்று மீனை அதே ஆற்றில், மருத நிழல் விழும் ஆழமான மடுவில்தான் விட வேண்டும். அந்த மருதுகளைத் தறிக்கவிடாமல் காப்பதும் மீன் காக்கும் வேலைதான்.

மாங்குளத்திலிருந்து:
ஒட்டுசுட்டான் தம்பி, நான் அறுத்தது செவுளைச் சுற்றிய இழையை மட்டுமே. வலையைச் சுருட்டி உரியவரிடமே கொடுத்தோம். பாதி ஆற்றை விடும்படி கேட்கும் வழியை இங்கும் முயன்று பார்ப்போம். பாண்டியன்குளம் ஐயா, மணல் அள்ளுவது எங்கள் பக்கமும் தொடங்கிவிட்டது. தை பிறந்ததும் எங்கள் மடுக்களை ஒருமுறை வந்து பார்ப்பீர்களா?