இரண்டு எஞ்சின்கள் மோதும் அந்தக் காட்சி

புகைவண்டிக்காரன் எழுதியது:
1952-இல் பாரமவுண்ட் வெளியிட்ட ‘டென்வர் அண்ட் ரியோ கிராண்ட்’ படத்தை இங்கே பலரும் பார்த்திருப்பீர்கள் என்பதால், அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் பாதை போட இரண்டு ரயில் நிறுவனங்கள் மோதிக்கொள்ளும் கதை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நான் அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் அப்பாவுடன் பார்த்தேன். அவர் நீராவிக் காலத்தில் எஞ்சினுக்கு நிலக்கரி அள்ளிப்போடும் ஃபயர்மேனாகச் சேர்ந்து, டிரைவராக ஓய்வு பெற்றவர். வில்லனாக வரும் ஸ்டெர்லிங் ஹேடன் செய்யும் அட்டூழியங்களையெல்லாம் சலனமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரே தண்டவாளத்தில் இரண்டு எஞ்சின்கள் எதிரெதிரே வரத் தொடங்கியதும் நாற்காலியின் முனைக்கு நகர்ந்தார். எஞ்சினுக்குப் போகும் நீராவியைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை, அங்கே இல்லாததை, மூடுவதுபோல அவர் கை தானாக அசைந்தது. புகை அடங்கிய பிறகு, “அவை பொம்மைகள்தானே?” என்று கேட்டார். அந்தக் காட்சிக்காக 1951-இல் 319, 345 என்ற எண்களுடைய இரண்டு உண்மையான எஞ்சின்களை மோதவிட்டு அழித்தார்கள் என்பதை நான் முன்பே படித்திருந்தேன். இருந்தும், “பொம்மைகள்தான் அப்பா” என்றேன். அந்தப் பொய் இன்றுவரை உறுத்துகிறது.

மலைச்சாரல் எழுதியது:
உறுத்துவதற்கு இதில் ஒன்றும் இல்லை. அந்த இரண்டும் உடைத்து இரும்பாக விற்கப்படவிருந்த எஞ்சின்கள். படம் எடுக்காமல் போயிருந்தால் அவற்றின் எண்கள்கூட நமக்குத் தெரிந்திருக்காது.

படப்பிடிப்பு நடந்த டுராங்கோ–சில்வர்டன் பாதையில் நான் பயணம் செய்திருக்கிறேன். 45 மைல் நீளமுள்ள, மூன்றடி அகல நேரோ கேஜ் பாதை அது. மலையைக் குடைந்த விளிம்பில் வண்டி ஊர்ந்தபோது ஜன்னலுக்கு நேர் கீழே அனிமாஸ் ஆறு தெரிந்தது. எல்லோரும் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் மனத்தில் நிற்பதோ சில்வர்டனில் இறங்கி எஞ்சினருகே போய் நின்ற சில நிமிடங்கள்தான். ஓடாமல் நின்றுகொண்டிருந்தபோதும் அது விட்டுவிட்டு மூச்சுவிட்டது. கன்னத்தில் ஒட்டியிருந்த கரியைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை. இருந்தாலும் அப்பாவிடம் நீங்கள் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

பழைய சுருள் எழுதியது:
இந்தப் படத்தை நான் ஒரே ஒருமுறை, அதுவும் இரண்டாம் பாதியிலிருந்துதான் பார்த்தேன். டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் ரயில் நிறுவனத்தை நிறுவிய ஜெனரல் பால்மராக டீன் ஜாகர் வந்து நின்ற தோரணை மட்டும் நினைவிருக்கிறது. ஆனால் படத்தில் எதிரி நிறுவனமாக வரும் ‘கேன்யன் சிட்டி அண்ட் சான் ஹுவான்’ வெறும் கற்பனை என்று பலர் சொல்வதை மறுத்தாக வேண்டும். நிஜத்தில் பால்மரோடு போட்டியிட்ட சாண்டா ஃபே ரயில் நிறுவனம் முன்னிறுத்திய துணை நிறுவனத்தின் பெயரே அதுதான்.

1878-இல் ரேட்டன் கணவாயைச் சாண்டா ஃபேயிடம் பறிகொடுத்த பால்மரின் நிறுவனம், லெட்வில் வெள்ளிச் சுரங்கங்களுக்குப் போகும் வழியான ராயல் கார்ஜ் என்ற மலையிடுக்கையும் இழக்கும் நிலைக்கு வந்தது. கடன் கழுத்தை நெரித்ததால் அந்த ஆண்டின் இறுதியில் தன் பாதை முழுவதையும் எதிரிக்கே குத்தகைக்கு விட்டது. இப்படியொரு அவமானத்தைக் கதையின் நடுவில் வைக்காமல் துப்பாக்கிச் சண்டையை வைத்ததுதான் படத்தின் பெரிய குறை. துப்பாக்கிகளும் இருந்தன என்பது உண்மை. சாண்டா ஃபே 1879-இல் டாட்ஜ் சிட்டியிலிருந்து துப்பாக்கி வீரர் பேட் மாஸ்டர்சனையே ஆட்களுடன் அழைத்துவந்தது. ஆனால் ராயல் கார்ஜ் யாருக்கு என்ற வழக்கைப் பால்மருக்குச் சாதகமாகத் தீர்த்தவை உச்ச நீதிமன்றமும், 1880-இல் பாஸ்டனில் ஏற்பட்ட உடன்பாடும்தான். மலையிடுக்கில் சாண்டா ஃபே போட்டிருந்த பாதைக்காகப் பால்மர் தரப்பு 18 லட்சம் டாலர் கொடுத்தது. வென்றவனே விலையும் கொடுத்த கதை அது!

ஆகவே படம் பார்க்கப் போகிறவர்கள் முதலில் வரலாற்றைப் படியுங்கள். கொலராடோ போகிறவர்கள் டுராங்கோவோடு திரும்பிவிடாமல் ராயல் கார்ஜுக்கு ரயில் புறப்படும் கேன்யன் சிட்டிக்கும் செல்லுங்கள். ஏறத்தாழ முப்பதடி அகலமே உள்ள இடுக்கில், ஆற்றின் மேல் பாறைச் சுவரிலிருந்து தொங்கும் 1879-ஆம் ஆண்டுப் பாலத்தை ரயிலிலிருந்தே பார்க்கலாம். வலப்பக்கமா இடப்பக்கமா என்று கவலைப்பட வேண்டாம். திறந்த பெட்டியில் நின்றுகொள்ளுங்கள்.

புகைவண்டிக்காரன் எழுதியது:
வரலாற்றுக்கு நன்றி. மலைச்சாரல் அவர்களுக்கு ஒரு செய்தி: அப்பா என்னை நம்பவில்லை. மறுநாள் காலை காபி டம்ளரை வைத்துவிட்டு, “இரண்டிலும் நெருப்பு மூட்டி, ரெகுலேட்டரைத் திறந்துவிட்டு இறங்கி வந்தவர்களும் நம்மைப் போன்ற டிரைவர்களாகத்தானே இருக்க வேண்டும்?” என்று கேட்டார்.