அலாய் வீலில் அரிப்பு: வீட்டிலேயே சரிசெய்தவர்கள் வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். மதுரை திருநகரில் இருக்கிறேன். அப்பா ஓட்டிய 2008 மாடல் ஸ்விஃப்ட் இப்போது என்னிடம். ஆறு வருடம் ராமேஸ்வரத்தில் நின்ற வண்டி. உப்புக்காற்று நான்கு அலாய் வீலையும் (அலுமினியக் கலவைச் சக்கரம்) அரித்துவிட்டது. மேல்பூச்சு செதில் செதிலாக உரிகிறது. அடியில் புழு ஊர்ந்த தடம் போல வெள்ளைக் கோடுகள். விரலால் தேய்த்தால் சுண்ணாம்புப் பொடி மாதிரி வருகிறது.

டயர் உட்காரும் விளிம்பிலும் அதே பொடிதான். காற்று 30 வைத்தால் ஒரே வாரத்தில் 22க்கு இறங்குகிறது. பஞ்சர் கடை அண்ணன் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் காட்டினார்: டயரில் ஓட்டை இல்லை, விளிம்பைச் சுற்றித்தான் குமிழி.

ஒரு வீலை மட்டும் 220, 400, 800 என்று சொரசொரப்பில் தொடங்கி நைசாகும் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்தேன். பளபளப்பு வந்தது, ஆனால் ஊசிமுனைக் குழிகள் அப்படியே நிற்கின்றன. கம்பி நார் போடவில்லை. இரும்புத் துகள் ஒட்டினால் அரிப்பு இன்னும் கூடும். காஸ்டிக் சோடா அலுமினியத்தையே கரைக்கும், அதுவும் வேண்டாம். விரிசல் எதுவும் கண்ணில் படவில்லை.

முகப்பில் உள்ள குழிகளை எபாக்சி பட்டி (குழி நிரப்பும், காய்ந்தால் இறுகும் பசை) வைத்து அடைக்கலாமா, பிரேக் சூட்டுக்கு அது நிற்குமா? டயர் உட்காரும் இடத்தைத் தேய்த்தபின் பிரைமர் அடிக்க வேண்டுமா, வெறுமனே விடலாமா? இதுதான் எனக்கு முக்கியம். அப்புறம், அலுமினியத்துக்கான எட்ச் பிரைமர் (உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் அடிப்பூச்சு) மதுரையில் கால் லிட்டர் அளவில் எங்கே கிடைக்கும்?

அம்மாவை அழகர்கோவிலுக்கு இந்த வண்டியில்தான் கூட்டிப்போகிறேன். செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.