உண்ணிச்செடிக்கு அடியில புல் ஏன் வரல?

மசினகுடி மாட்டுக்காரன்: பட்டிக்குப் பின்னாடி புல்லும் நெல்லியுமா இருந்த இடம், இப்ப முழுக்க உண்ணிச்செடிப் புதர் (லாண்டானா). அடி மண்ணு என்னமோ கறுப்பா, வளமாத்தான் இருக்கு. அப்புறம் ஏன் ஒண்ணும் முளைக்கல?

காட்டுவிதை: அண்ணே, மண்ணுல குறையில்ல. உண்ணி இலை சீக்கிரம் மக்கும், தழைச்சத்து கூடும். அதையும் அதுவே தின்னுக்கும். புல்லுக்கு வேண்டிய வெயிலு தரைக்கு வர்றதேயில்ல. இலைச்சாறு வேற சில விதைகள முளைக்க விடாது.

மசினகுடி மாட்டுக்காரன்: தீ வச்சுட்டா?

காட்டுவிதை: ஐயோ, வேண்டாம்ணே! தூர்ல இருந்து மறுபடி துளிர்க்கும்.

மோயாறு: பட்டா நிலம்னா தரைக்குக் கீழ வேரோட வெட்டித் தலைகீழா கவுத்துப் போடுங்க. காட்டு எல்லைன்னா வனத்துறைகிட்ட கேட்டுட்டுத்தான். சின்னான் குருவி பழம் தின்னு எச்சம் போடுற மரத்தடிய அடுத்த மழைக்கும் பாருங்க, புது உண்ணிக் கன்னு முளைச்சு வந்திருக்கும்.