மாஸ் கெயினர் வாங்குவதா, கௌபி அவிப்பதா?

கிளிப்பெடியன்:
தம்பி ஜிம்முக்குப் போகத் தொடங்கியிருக்கிறான். வயது 19, எடை 58 கிலோ. வாய் திறந்தால் செற், றெப்ஸ், பல்க், கட் என்று எனக்குப் பிடிபடாத பேச்சுத்தான். போன கிழமை ஒரு கடையில் பெரிய மாஸ் கெயினர் வாளி ஒன்றைக் காட்டி, "இது இல்லாமல் உடம்பு வைக்காது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இப்போது வீட்டில் அம்மாவை அரித்துக்கொண்டு நிற்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா? தெரிந்தவர்கள் சண்டை பிடிக்காமல் சொல்லுங்கோ.

தண்டால்:
சண்டை பிடிக்காமல் இங்கே யார் எழுதியிருக்கிறார்கள்? சரி. முதலில் அந்த வாளியைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசியுங்கள். மாஸ் கெயினரில் பெரும்பகுதி மோல்டோடெக்ஸ்ட்ரின். மாச்சத்தை உடைத்து எடுக்கிற, சீனியைப் போலவே சட்டென்று சமிக்கிற தூள். அதற்குள் கொஞ்சம் பால்புரதமும் சொக்லேற் வாசமும். ஒரு தடவைக்கு 300 கிராமுக்கு மேல் கரைக்கச் சொல்லும் வாளிகளும் இருக்கின்றன. உடம்பு வைக்கும்தான், ஆனால் அதே கலோரியைச் சோற்றிலும் தேங்காய்ச் சம்பலிலும் எடுக்கலாம்.

வே புரோட்டீன் வேறு சாமான். சீஸ் செய்யும்போது பாலில் இருந்து பிரிகிற தண்ணீரை வடித்து உலர்த்தியது. 30 கிராம் தூளில் 20 முதல் 25 கிராம் வரை புரதம். மருந்தும் இல்லை, மாயமும் இல்லை. நான் குடிக்கிறேன்.

கணக்கு இதுதான். சாதாரண ஆளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் போதும் என்பார்கள். எடை தூக்குகிறவருக்கு 1.6 கிராம் அளவில் வேண்டும். உங்கள் தம்பிக்கு நாளுக்கு 93 கிராம்.

முத்தையன்கட்டான்:
எல்லாம் வியாபாரம் தம்பி. எங்கட அப்பா 50 கிலோ உர மூட்டையைத் தோளில் போட்டு வரம்பால் நடந்தவர். ஒரு நாளும் றெப்ஸ் எண்ணியதில்லை. அவரின் முதுகைப் பார்த்தால் உங்கட ஜிம்காரர் சேட்டைக் கழற்றமாட்டார்கள்.

கௌபி, பயறு, உழுந்து, கச்சான் எல்லாம் எங்கட மண்ணில் விளைகிறது. 100 கிராம் பயற்றில் 24 கிராம் அளவு புரதம். கச்சானிலும் 25 வரும். ஒரு முட்டையில் 6. குளத்தில் திலாப்பியா கிடக்கிறது, அதில் 100 கிராம் சதைக்கு 20. இவ்வளவையும் லொறியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு, அங்கிருந்து வாளியில் தூள் இறக்குகிறோம்.

தண்டால்:
அண்ணை, சாப்பாட்டில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. கணக்கில்தான் சண்டை. நீங்கள் சொன்ன 24 கிராம் காய்ந்த பயற்றுக்கு. அவித்தால் தண்ணி குடித்து ஊதிவிடும். கோப்பையில் இருக்கிற அவித்த பயற்றில் 100 கிராமுக்கு 7 தான். கச்சானில் 25 கிராம் புரதத்தோடு 50 கிராம் அளவு கொழுப்பும் வருகிறது. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, புரதமும் மாச்சத்தும் 4. அந்த 93 கிராமையும் கச்சானிலேயே எடுக்கப் பார்த்தால் 2000 கலோரிக்கு மேல் போய்விடும்.

கூடச் சாப்பிட்டு எடையைக் கூட்டுகிற காலம் பல்க். பல்க்கில் இருக்கிற ஒல்லிப் பெடியனுக்குக் கச்சான் நல்லது. தசையைக் காப்பாற்றிக்கொண்டு கொழுப்பைக் குறைக்கிற காலம் கட். அப்போது கச்சான் பக்கற்றைத் தூர வைக்கவேண்டும். சோயாமீற்றை ஏன் ஒருவரும் சொல்லவில்லை? காய்ந்த நிலையில் பாதி எடை புரதம்தான், விலையும் குறைவு.

இனி மூட்டைக் கதை. 50 கிலோ மூட்டை எந்த நாளும் 50 கிலோதான். உடம்பு அதற்குப் பழகியதும் வளர்வதை நிறுத்திவிடும். ஜிம்மில் 50 சுகமாகிவிட்டால் 52.5 போடுவோம், இல்லாவிட்டால் எட்டுத் தரம் தூக்கியதைப் பத்துத் தரம் தூக்குவோம். புரோகிரெசிவ் ஓவர்லோட் என்பது இவ்வளவுதான். ஒரு தரம் தூக்கி இறக்கினால் ஒரு றெப். ஓயாமல் பத்துத் தரம் செய்தால் அது ஒரு செற். எண்ணாவிட்டால் கூட்டினோமா இல்லையா என்று எப்படித் தெரியும்?

மூன்று செற், பத்து றெப்ஸ் என்று எல்லா ஜிம்மிலும் சொல்வது சும்மா வந்ததும் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க இராணுவ வைத்தியர் தோமஸ் டிலோர்ம், காயப்பட்ட படையினரின் கால்களைத் தேற்றுவதற்காகப் படிப்படியாக எடை கூட்டிப் பார்த்தார். பத்துத் தரம் மட்டும் தூக்கக்கூடிய எடையைப் பிடித்து, முதல் செற்றில் அதில் பாதி, அடுத்ததில் முக்கால், மூன்றாவதில் முழு எடை. 1948 இல் எழுதிவைத்த முறை அது. காயத்தோடு இருக்கிற எங்கட சனத்துக்கு இதை ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால் எவ்வளவு நல்லது. அது வேறு கதை.

முத்தையன்கட்டான்:
இராணுவ வைத்தியரை எல்லாம் இழுத்துவிட்டீர். வெயிலில் எட்டு மணித்தியாலம் நிற்கிற வேலைக்கும் ஏ.சி. அறையில் ஒரு மணித்தியாலம் கண்ணாடி பார்ப்பதற்கும் வித்தியாசம் இல்லையா?

மாங்குளம் மல்லி:
அண்ணை, இப்போது அறுவடைக்கு மெசின்தானே வருகிறது? பெடியள் எந்த மூட்டையைத் தூக்குகிறார்கள்? ஃபோனைத்தான் தூக்குகிறார்கள்.

நானும் டம்பெல் வாங்கி வீட்டில் செய்கிறேன். "ஆம்பிளை மாதிரி வந்துவிடுவாய்" என்று ஊரெல்லாம் கதை. தசை பருக்க வைக்கிற டெஸ்டோஸ்டிரோன் பெண்களுக்குக் கொஞ்சம்தான் சுரக்கும், அப்படி எல்லாம் வராது. என் கேள்வி வேறு. கால் பயிற்சி செய்தால் அன்றைக்கு ஒன்றும் இல்லை, இரண்டாம் நாள் கக்கூசில் குந்த முடியவில்லை. லக்ரிக் அசிட் தேங்கியதாலா?

தண்டால்:
இல்லைத் தங்கச்சி. அந்த அசிட் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் இரத்தத்தில் இருந்து போய்விடும். பழக்கமில்லாத வேலையில் தசை நார்கள் நுண்ணியதாய்ச் சேதப்பட்டுப் பிறகு ஆறுகிற நோ அது. டோம்ஸ் என்பார்கள். ஒரு நாளில் இருந்து மூன்று நாள்வரை இருக்கும். மெதுவாக இறக்குகிறபோதுதான் கூடப் பிடிக்கும், அதனால் ஸ்குவற்றில் குந்தும் வேகத்தைப் பாருங்கள். நோ இருந்தால்தான் தசை வளர்கிறது என்பதும் சரியில்லை.

வார்ட்_அக்கா (வவுனியா):
மல்லி, ஒன்றைக் கவனித்துக்கொள். நோவோடு தசை வீங்கி, சலம் சாயத் தேத்தண்ணி நிறத்தில் போனால் அது டோம்ஸ் இல்லை. தசை உடைந்து அதன் கழிவு சிறுநீரகத்துக்குப் போகிறது. உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். எங்கட வெயிலில், தண்ணி குடிக்காமல், முதல் நாளே அளவுக்கு மிஞ்சித் தூக்குகிறவர்களுக்கு வரக்கூடியது.

மற்ற இரண்டு பேரும் இவ்வளவு எழுதியும் சிறுநீரகம் என்று ஒரு சொல் இல்லை. நாங்கள் இருப்பது வன்னியில். காரணம் பிடிபடாத கிட்னி வருத்தம் வட மத்திய மாகாணத்தோடு நிற்கவில்லை, வவுனியாவிலும் இருக்கிறது. ஆர்.ஓ. மெசினில் சுத்திகரித்த தண்ணிக்கு வரிசையில் நிற்கிற சனம் நாங்கள். அந்த வருத்தம் தொடக்கத்தில் ஒன்றும் காட்டாது. வருத்தம் உள்ளவருக்கு டொக்டர்மார் புரதத்தைக் கிலோவுக்கு 0.8 அளவில், சிலருக்கு இன்னும் கீழே மட்டுப்படுத்துவார்கள். அவரைப் போய் 1.6 எடுக்கச் சொன்னால்?

தண்டால்:
அக்கா, சுகமாக இருக்கிறவரின் சிறுநீரகத்தை இந்தளவு புரதம் கெடுக்கும் என்று ஆய்வுகள் காட்டவில்லை. பலம் கூட்டக் குடிக்கிற கிரியேட்டின் தூளும் அப்படித்தான், நாளுக்கு 3 முதல் 5 கிராம். அது ஸ்டிரொய்ட் என்று பயப்படுத்துவது பழைய கதை. இறைச்சியிலும் மீனிலும் இருக்கிற பொருள்தான்.

வார்ட்_அக்கா (வவுனியா):
கெடுக்கும் என்று நான் எழுதவில்லை, திரும்ப வாசியும். சுகமாக இருக்கிறோம் என்று எப்படித் தெரியும் என்றுதான் கேட்டேன். கிரியேட்டின் உடம்புக்குள் கிரியேட்டினினாக மாறும். இரத்தத்தில் அந்தக் கிரியேட்டினின் எவ்வளவு என்பதை வைத்துத்தான் கிளினிக்கில் சிறுநீரகத்தைப் பார்க்கிறோம். தூள் குடிக்கிறவருக்கு, ஏன் தசை கூடினவருக்கும்கூட, வருத்தம் இல்லாமலே எண் கூடி வரலாம். சொல்லாமல் வந்தால் வீண் பயம். அதைவிட மோசம், உண்மையில் கூடியிருக்கிறபோது "அது தூளால்" என்று தட்டிவிட்டுப் போவது.

முத்தையன்கட்டான்:
பார்த்தீரா? நான் முதலே சொன்னேன், தூள் வேண்டாம் என்று.

வார்ட்_அக்கா (வவுனியா):
அண்ணை, நாரி போய் எங்கட கிளினிக் வாங்கில் இருக்கிறவர்கள் தூள் குடித்தவர்கள் இல்லை. குனிந்து மூட்டை தூக்கினவர்கள். டெட்லிஃப்ட், அதாவது நிலத்தில் இருந்து பாரம் தூக்கப் பழக்குகிறவர் பாரத்தை உடம்போடு ஒட்டிப் பிடிக்கவும் முதுகை வளைக்காமல் எழும்பவும் காட்டிக்கொடுப்பார். வயலுக்கும் அது வேண்டும்.

கிளிப்பெடியன்:
கடைக்குப் போய் வாளியைத் திருப்பிப் பார்த்தேன். முதல் பெயரே மோல்டோடெக்ஸ்ட்ரின். வைத்துவிட்டு வந்தேன், தம்பி கதைக்கிறான் இல்லை. முட்டை, மீன், சோயாமீற், பயறு என்று தொடங்கப் போகிறோம். பயிற்சி முடிந்து அரை மணித்தியாலத்துக்குள் புரதம் எடுக்காவிட்டால் எல்லாம் வீண் என்கிறானே, உண்மையா?

தண்டால்:
அவ்வளவு அவசரம் இல்லை. நாள் முழுக்க எவ்வளவு சேர்ந்தது என்பதுதான் முக்கியம். மூன்று நான்கு வேளைக்குப் பிரித்துச் சாப்பிடட்டும். இனி பி.சி.ஏ.ஏ. தூள் என்று கேட்டு வருவான், புரதத்தின் துண்டுகளான அந்த அமினோ அமிலங்கள் முட்டையிலேயே இருக்கின்றன என்று சொல்லுங்கள். பிறகு பயிற்சிக்கு முன் குடிக்கிற பிரீ வேர்க்அவுட் கேட்பான். அதில் வேலை செய்கிற முக்கியமான பொருள் கஃபீன், அதற்குப் பதில் ஒரு கோப்பி ஊற்றிக் கொடுங்கள். முகத்தில் எறும்பு ஊருகிறது, அதனால் மருந்து ஏறுகிறது என்பார்கள். அது அதில் கலந்திருக்கிற பீற்றா அலனின் செய்கிற வேலை, பலம் ஏறியதற்கு அடையாளம் இல்லை.

அக்கா சொன்ன இரத்தப் பரிசோதனையையும் செய்துவிடட்டும். நான் இன்னும் வே பக்கம்தான், ஆனால் 19 வயதில் ஒரு முறை பார்த்து வைப்பதில் நட்டம் இல்லை.

வார்ட்_அக்கா (வவுனியா):
கிரியேட்டினினோடு சலத்தில் புரதம் போகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கோ. அதற்கு முதல் இரண்டு நாள் பாரம் தூக்க வேண்டாம். முதல் நாள் இரவு இறைச்சிக் கறியும் வேண்டாம், இரண்டுமே பரிசோதனை அளவைக் கூட்டிக் காட்டும்.

முத்தையன்கட்டான்:
மீன் கறி?

வார்ட்_அக்கா (வவுனியா):
அதுவும்தான் அண்ணை. அன்றைக்குப் பயறு அவியுங்கோ.