புதுப்பிப்பு: மன்றத்துப் பிள்ளைகளுக்கு வேலை வழிகாட்டல்

சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் ஊர் இளைஞர் மன்றத்தில், பத்தாவது படிக்கிற பிள்ளைகளுக்கு வேலைகளை எப்படி அறிமுகப்படுத்தலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பேச்சாளர் வேண்டாம், வேலை செய்கிறவரைக் கூப்பிடுங்கள் என்றீர்கள். அப்படியே செய்தோம்.

வெல்டர் அண்ணாச்சி வந்தார். பிரசங்கம் எதுவும் இல்லை. பற்றவைத்த இரண்டு துண்டுகளை மேஜையில் வைத்து, "எது உடையும், சொல்லுங்கலே" என்றார். பளபளவென்று இருந்ததை எல்லோரும் நல்லது என்றார்கள். வைஸ் என்ற இறுக்கும் கருவியில் பிடித்து ஓங்கி ஓர் அடி, அதுதான் முறிந்தது. மேலே அழகு, உள்ளே இரும்பு உருகிச் சேரவேயில்லை. அப்புறம் கேள்விகள் நிற்கவில்லை.

ஐடிஐ எனும் தொழிற்பயிற்சி நிலையங்கள் பற்றிய விவரமும் பலருக்குப் புதிது. வெல்டர் பயிற்சிக்கு எட்டாவது தேறினால் போதும், ஓராண்டுப் படிப்பு. எலக்ட்ரீஷியனுக்குப் பத்தாவது, இரண்டாண்டு. திருநெல்வேலி பேட்டையிலேயே அரசு ஐடிஐ இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து ஐடிஐயில் சேர்பவர்களுக்கு, பெண்கள் என்றால் புதுமைப்பெண், ஆண்கள் என்றால் தமிழ்ப்புதல்வன் என்ற அரசுத் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்.

பெற்றோர்தான் மசியவில்லை. "காலேஜுக்குப் போகாட்டி எவன் பொண்ணு தருவான்?" என்கிறார் ஓர் அம்மா. இதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால் கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பெண்ணை அடுத்த கூட்டத்துக்கு அழைத்திருக்கிறோம். அம்மாக்களுக்கும் நாற்காலி போடப் போகிறோம்.