தாத்தா பெட்டியில் பழைய தோட்டா: அடியில் உள்ள எழுத்துக்கு என்ன பொருள்?

அம்பை வாசகன்:
கல்லிடைக்குறிச்சி வீட்டு மச்சைக் காலி செய்யும்போது தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பித்தளைத் தோட்டாக்கள் கிடைத்தன. நான்கு காலி. ஒன்றில் மட்டும் முனைக்குண்டு அப்படியே இருக்கிறது. அடித்தட்டில் ஆங்கில கே, எஃப், இரண்டுக்கும் நடுவில் ஓர் அம்புக்குறி, 43, ரோமன் எண்ணில் ஏழு. நடுப் பொட்டைச் சுற்றி மங்கலான ஊதா வளையம். தாத்தா பர்மா சண்டைக்குப் போனவர். இவை அங்கிருந்து வந்தவைதானா? புளி போட்டுத் தேய்த்தால் எழுத்து பளிச்சென்று தெரியும் என்கிறார் ஆச்சி.

பாளை ஹவில்தார்:
தம்பி, புளி வேண்டாம். குண்டுள்ள அந்த ஒன்றை இனி தொடவும் வேண்டாம். அதன் பொட்டில் துப்பாக்கியின் ஊசி அடித்த பள்ளம் இருக்கிறதா?

அம்பை வாசகன்:
முதலில் பார்த்தபோதே கவனித்தேன் அண்ணாச்சி. காலியான நான்கிலும் பள்ளம் இருக்கிறது, அதில் இல்லை.

பாளை ஹவில்தார்:
அப்படியானால் அது சுடப்படாத தோட்டா என்றே வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளம் விழுந்தும் குண்டு வெளியேறாமல் நின்றிருந்தால்கூட ஆபத்துதான். அப்படிப்பட்டது சுட்டும் வெடிக்காமல் போன தோட்டா. பயிற்சிக்கென்றே மருந்தில்லாமல் செய்தவையும் உண்டு, ஆனால் அதை வீட்டில் வைத்து முடிவு செய்யக் கூடாது. உள்ளே கார்டைட் இருக்கும், நைட்ரோகிளிசரின் கலந்த மருந்து. எண்பது வருடம் மச்சுச் சூட்டில் கிடந்திருக்கிறது. பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். பையில் போட்டு பஸ்ஸில் ஸ்டேஷனுக்கு எடுத்துப் போகாமல், 112-க்குச் சொல்லி அவர்களை வரச் சொல்லுங்கள். லைசென்ஸ் இல்லாமல் தோட்டா வைத்திருப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். நாமே முந்திச் சொல்லிவிடுவது நல்லது. காலியானவற்றையும் சேர்த்தே காட்டிவிடுங்கள்.

பழம்பொருள் பிரியன்:
அண்ணாச்சி சொன்னதை முதலில் செய்யுங்கள். எழுத்தைப் பற்றி நான் சொல்கிறேன். கே எஃப் என்பது புனே பக்கத்துக் கிர்கி ஆலை, இன்றைய கட்கி, 1869-இல் தொடங்கியது. அம்புக்குறி சர்க்கார் சொத்து என்பதற்கான பிரிட்டிஷ் முத்திரை. 43 என்றால் 1943-இல் செய்தது. ரோமன் ஏழு, 1910-இல் வந்த ஏழாம் மார்க், அதாவது ஏழாவது வடிவத் தோட்டா. நம் போலீஸார் வெகுகாலம் தோளில் மாட்டியிருந்த த்ரீ நாட் த்ரீ ரைபிளுக்கு உரியது. சந்தேகம் இருந்தால் ஒரு காலித் தோட்டாவை அளந்து பாருங்கள்: நீளம் 56 மி.மீ. அளவில் வரும், அடிவிளிம்பு வெளியே பிதுங்கி நிற்கும்.

ஊதா வளையம் சாதாரணக் குண்டுக்கான அடையாளம். சிவப்பு என்றால் பறக்கும்போதே ஒளிவிட்டுப் போகும் டிரேசர், பச்சை என்றால் கவசம் துளைப்பது, நீலம் என்றால் தீ மூட்டுவது. புளி போட்டால் முதலில் போவது அந்த வளையம்தான்! காலியானவற்றை மெல்லிய துணியால் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து பதியும்.

பர்மாவில் இருந்து வந்ததா என்பதைத் தோட்டா சொல்லாது. 43 செய்த வருடம்தான், சுட்ட வருடம் இல்லை. 1942-இல் சுட்டதாக இருக்க முடியாது, அவ்வளவே உறுதி. பிறகு எந்த ரைபிள் ரேஞ்சிலும் சுட்டிருக்கலாம். தாத்தாவின் டிஸ்சார்ஜ் புக், அதாவது படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த பதிவேடு, பெட்டியில் இருக்கிறதா?

அம்பை வாசகன்:
இருக்கிறது, துணியில் சுற்றி வைத்திருக்கிறார். முன்பக்கத்தில் ரெஜிமெண்ட் எண் தெரிகிறது. 112-க்குச் சொல்லிவிட்டேன், மச்சுக் கதவைப் பூட்டிச் சாவியை என்னிடம் வைத்திருக்கிறேன்.

பழம்பொருள் பிரியன்:
அருமை. அந்த எண்ணோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். போலீஸ் வருவதற்குள், காலியான நான்கின் அடித்தட்டையும் தனித்தனியாகப் போட்டோ எடுத்துவிடுங்கள். வருடம் நான்கிலும் ஒன்றேதானா என்று பார்க்க வேண்டும்.